மாற்றுத்துணி

ராமேசுவரத்துக்குப் புறப்படும் வீட்டில் முந்தைய இரவு ஒரே கேள்விதான் அறைக்கு அறை சுற்றிவரும்: ஆளுக்கு எத்தனை மாற்றுத்துணி? கேள்வியில் நியாயம் இருக்கிறது. விடிகாலையில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்குப் போட வேண்டும். அதே ஈரத்தோடு கோயிலுக்குள் போய், 22 தீர்த்தங்களிலும் வரிசையாக நின்று, கிணற்று மேட்டில் இருப்பவர் வாளியால் இறைத்து ஊற்றும் தண்ணீரைத் தலையில் வாங்க வேண்டும். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடிக்கும்போது உடம்பில் உலர்ந்த இடம் என்று ஒன்று மிச்சமிருக்காது. ஆனால் அந்தக் கோலத்தில் மூலவரைப் பார்க்க விடமாட்டார்கள். உலர்ந்த துணிக்கு மாறினால்தான் தரிசனம்.

ஆகவே அனுபவசாலிகளின் பை தனி ரகம். பருத்திப் புடவை தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும் என்பதால் லேசான, அடர்நிறப் புடவை ஒன்று. நாலைந்து ஊக்கு. ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. துண்டு இரண்டு. கைப்பேசியை அறையிலேயே வைத்துவிடுவது நல்லது. தமிழகக் கோயில்களில் அதைத் தடை செய்து 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வெயிலையும் உப்புக்காற்றையும் பொறுத்தவரை, விடுமுறைக்காக இன்னொரு கடற்கரைக்குப் போகிறவரின் நிலைதான் யாத்திரிகருக்கும். அவர் குளிர்க்கண்ணாடியும் வெயில் களிம்பும் எடுத்து வைக்கிறார், இவர் ஊக்கு எடுத்து வைக்கிறார். இருவருமே பையை மூட முடியாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுக்கிறவர்கள்தான்.

எது போதும் என்ற கேள்வி பயண ஏற்பாட்டைப் பற்றியது போலத் தெரியும். சமயங்கள் அதை அவ்வளவு லேசாக விட்டுவிடவில்லை.

ராமேசுவரத்தின் தலபுராணமே ஒருவகையில் சாமான் தாமதமாக வந்து சேர்ந்த கதை. இராவணனைக் கொன்ற பாவம் தீரச் சிவபூசை செய்ய இராமன் முடிவெடுக்கிறார். லிங்கம் கொண்டுவர அனுமன் கைலாயத்துக்குப் போகிறார். குறித்த நேரம் நெருங்குகிறது, போனவரைக் காணோம். சீதை குனிந்து காலடி மணலைப் பிடித்து லிங்கமாக்குகிறாள். பூசை நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அனுமன் வந்து சேர்கிறார். அத்தனை மலைகளைத் தாண்டிச் சுமந்து வந்தது வீணா என்று அவருக்கு வந்த கோபம் நியாயமானது. மணல் லிங்கத்தை வாலால் சுற்றி இழுத்துப் பார்க்கிறார், அது அசையவில்லை.

இந்தக் கதையை ஸ்காந்த புராணத்தின் சேது மாகாத்மியம் விரித்துச் சொல்கிறது. ஒரு நீதிக்கதைக்காரர் கையில் சிக்கியிருந்தால் இதோடு முடித்திருப்பார்: தேவையானது காலடியிலேயே கிடக்கிறது, தூரத்திலிருந்து சுமந்து வருவது வெட்டிவேலை. ஆனால் கோயில் அப்படி முடிக்கவில்லை. அனுமன் கொண்டுவந்த விசுவலிங்கத்தையும் அருகில் நிறுவி, முதல் பூசை அதற்குத்தான் என்று ஏற்பாடு செய்தது. இன்றும் அப்படியே நடக்கிறது. மணல் போதுமானதாக இருந்தது என்பதும் மெய், சுமந்து வந்தவனின் தோளுக்கு மரியாதை வேண்டும் என்பதும் மெய். புராணம் எழுதியவர்களுக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது.

மாற்றுத்துணிக்குத் தடை போட்டவர்களும் உண்டு. இயேசு தம் சீடர்களை ஊர் ஊராக அனுப்பியபோது எதையெல்லாம் எடுத்துப் போகக் கூடாது என்று சொன்ன பட்டியல் மூன்று நற்செய்தி நூல்களில் இருக்கிறது. அப்பம், பை, காசு, இவற்றோடு இரண்டாவது அங்கியும் அதில் அடக்கம். வேடிக்கை என்னவென்றால் பட்டியல்கள் முழுக்க ஒத்துப்போகவில்லை. மாற்குவில் கைத்தடிக்கும் செருப்புக்கும் அனுமதி உண்டு. மத்தேயுவில் இரண்டும் கிடையாது. லூக்காவில் கைத்தடி கூடாது. அதே லூக்காவின் பிற்பகுதியில், கைதான அன்றிரவு, இனிப் பணப்பையும் சாமான் பையும் உள்ளவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று பேச்சு மாறுகிறது. ஒரு கைத்தடிக்காக உரையாசிரியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மல்லாடியிருக்கிறார்கள். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி, தோளில் ஒற்றைப் பையோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கலெல்லாம் கிடையாது. செருப்பில்லாமல் நடக்கிறவரும் போகிறார், கால் வெந்து இடையில் வாங்கிப் போட்டுக்கொண்டவரும் போகிறார்.

ஒன்றும் எடுத்துப் போகாதவர் எங்கே சாப்பிடுவார்? நற்செய்தியில் பதில் இருக்கிறது: போகிற வீட்டார் போடுவார்கள். அதாவது சீடரின் பை காலியாக இருக்கலாம், ஊர்க்காரரின் பானை காலியாக இருக்கக் கூடாது.

இந்த இடத்தைத்தான் இஸ்லாமிய மரபு உற்றுப் பார்த்தது. ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்கள் இஹ்ராம் நிலையில் அணிவது தைக்காத இரண்டு துணி. ஊசி நுழையாத உடை. அரசனும் கூலியும் ஒன்றுபோல நிற்கும் அந்தக் கோலத்தைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. அதிகம் பேசப்படாதது இன்னொன்று. ஹஜ் பற்றிய குர்ஆன் வசனம் ஒன்று, வழிக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, சிறந்த கட்டுச்சோறு இறையச்சம் என்கிறது. இது எதற்காக இறங்கியது என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொன்ன விளக்கத்தைப் புகாரி நபிமொழித் தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. ஏமனிலிருந்து சிலர், தாங்கள் இறைவனையே நம்புகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டு, வெறுங்கையோடு ஹஜ்ஜுக்கு வருவார்களாம். மக்காவுக்கு வந்ததும் அங்கிருந்தவர்களிடம் கையேந்துவார்களாம். அவர்களின் நம்பிக்கைக்கு யார் வீட்டு மாவு செலவானது என்று வசனம் கணக்குக் கேட்பது போலிருக்கிறது.

பௌத்தத் துறவிகள் இந்தக் கணக்கை இன்னும் நுணுக்கமாகப் போட்டார்கள். துறவிக்கு எட்டுப் பொருள்: மூன்று சீவர உடை, பாத்திரம், இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர்வடிகட்டி. இலங்கையில் இதை ‘அட்டபிரிகர’ என்று ஒரே கட்டாகக் கட்டிக் கடையில் விற்கிறார்கள். விகாரைக்குத் தானம் கொடுப்பவர் வாங்கிக்கொண்டு போகிறார். வடிகட்டி, தண்ணீரில் இருக்கும் சிற்றுயிர்களை விழுங்கிவிடாமல் இருக்க. ஊசி, கிழிந்ததைத் தைக்க.

அந்த ஊசிக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தந்த வேலை செய்யும் ஒருவர், வேண்டியவர்களுக்கு ஊசிக்கூடு செய்து தருகிறேன் என்று துறவிகளிடம் சொன்னார். துறவிகள் ஒன்றல்ல, பல கேட்டார்கள். சின்னது வைத்திருந்தவர் பெரியது கேட்டார், பெரியது வைத்திருந்தவர் சின்னது கேட்டார். அந்த மனிதருக்கு வேறு வேலை செய்ய நேரமில்லாமல் பிழைப்பு கெட்டது, வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் வாடினார்கள். எலும்பு, தந்தம், கொம்பு இவற்றால் ஆன ஊசிக்கூடு கூடாது, இருந்தால் உடைத்துவிட வேண்டும் என்ற விநய (துறவு ஒழுங்கு) விதி அதிலிருந்து பிறந்தது. விரலளவுப் பொருள் துறவியின் மனத்தில் எவ்வளவு பற்றை வளர்க்கிறது என்று மட்டும் பார்த்திருந்தால் இந்த விதி வந்திருக்காது. அதைச் செய்தவரின் அடுப்பையும் பார்த்திருக்கிறார்கள்.

மாற்றுத்துணிக்கும் அங்கே ஒரு கதை உண்டு. துறவிகளை உணவுக்கு அழைத்து வரும்படி, புத்தரின் அடியாளான விசாகை தன் பணிப்பெண்ணை அனுப்புகிறாள். நல்ல மழை. விகாரையில் துறவிகள் உடுத்திய துணியைக் களைந்து வைத்துவிட்டு மழையில் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். பணிப்பெண் திரும்பி வந்து, அங்கே பிக்குகள் யாரும் இல்லை, ஆடையில்லாத ஆசீவகத் துறவிகள்தான் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். விசாகைக்கு விஷயம் புரிந்தது. புத்தரிடம் அவள் கேட்ட வரங்களில் ஒன்று, மழைக்காலக் குளியலுக்கென்று துறவிகளுக்குத் தனித்துணி கொடுக்கும் உரிமை. புத்தர் ஒப்புக்கொண்டார். எட்டுப் பொருள் பட்டியலுக்கு வெளியே ஒரு குளியல் துணி இப்படித்தான் உள்ளே வந்தது. ராமேசுவரத்துக்கு அடர்நிறப் புடவை எடுத்து வைக்கும் பெண்மணி விசாகையை உடனே புரிந்துகொள்வார்.

சமணர்களோ அந்த ஒரு துணியிலேயே பிரிந்தார்கள். துணி உடைமையா இல்லையா என்பது ஆடையற்ற திகம்பரர், வெள்ளாடை உடுத்தும் சுவேதாம்பரர் இடையே இன்றுவரை தீராத வழக்கு. பொருள் இருப்பதல்ல, அதன் மேல் மயக்கம் இருப்பதுதான் உடைமை என்று இரு தரப்பும் மதிக்கும் தத்துவார்த்த சூத்திரம் சொல்லிவைத்திருக்கிறது. ஆனால் மயக்கம் இல்லை என்று துணியைப் பிடித்துக்கொண்டு சொல்வது எளிது என்பது திகம்பரரின் வாதம்.

தமிழில் ஊசியைப் பற்றிப் பேசினால் பட்டினத்தார் வராமல் இருக்க மாட்டார். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். மகன் விட்டுச்சென்ற பெட்டியில் காதற்ற ஊசியும் ஓர் ஓலையும் இருந்ததாகவும், அதைக் கண்டதும் கடை கண்ணி எல்லாவற்றையும் உதறிவிட்டு எழுந்ததாகவும் கதை. துறவியின் எட்டுப் பொருளில் இருப்பது காது உள்ள ஊசி, அதனால் தைக்கலாம். பட்டினத்தார் கண்டது எதற்கும் உதவாத ஊசி. கடைசிப் பயணத்தில் அதுகூட உடன் வராது என்றால் மற்றதைச் சொல்ல வேண்டுமா! அவருடைய சீடர் பத்திரகிரியாரோ ஒரு மண்சட்டியை வைத்திருந்தார், ஒட்டிக்கொண்ட நாய் ஒன்றும் கூட இருந்தது. பிச்சை கேட்டு வந்த ஒருவரிடம், நான் ஆண்டி, சம்சாரி அந்த வாசலில் இருக்கிறார் என்று பட்டினத்தார் கைகாட்டினாராம். சட்டி உடைந்தது. பிச்சைக்காரனிடமிருந்தே பிச்சைப் பாத்திரத்தைப் பறித்துவிடும் இந்தக் கறார் பலரையும் சிலிர்க்க வைக்கும். நாயின் பக்கம் நின்று பார்த்தால் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. அதற்கு அந்தச் சட்டியிலிருந்துதான் சோறு. பட்டினத்தார் கடைசியில் சேர்ந்த இடமும் ஒரு கடற்கரைதான். திருவொற்றியூரில் அவர் சமாதி இருக்கிறது.

ஆள் இல்லாத தீவில் மாட்டிக்கொண்டால் கையில் என்ன இருக்க வேண்டும் என்று இளைஞர்கள் விளையாட்டாகக் கேட்டுக்கொள்வதுண்டு. மணிமேகலைக் காப்பியம் அந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்துக்கொண்டு, ஒருவரும் எதிர்பார்க்காத பக்கம் போனது. ஆபுத்திரன் கையில் இருந்தது அமுதசுரபி. எடுக்க எடுக்கக் குறையாத சோறு. மதுரையில் சிந்தாதேவி என்ற தெய்வம் கொடுத்தது. பாண்டிய நாட்டில் மழை பொழிந்து வளம் பெருகியதால் அவனிடம் சாப்பிட வருவோர் இல்லாமல் போனார்கள். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். காற்று மாறியதால் கப்பல் மணிபல்லவத் தீவில் நின்றது. இவன் இறங்கினான். ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் இரவில் போய்விட்டது.

வெறும் கடற்கரை, நல்ல குளம், கையில் தீராத உணவு. உயிரோடிருக்க வேண்டியது எல்லாம் அவனிடம் இருக்கிறது. ஆனால் ஆபுத்திரனுக்கு அந்தப் பாத்திரம் தாங்க முடியாததாகிவிடுகிறது. பல உயிர்களுக்குச் சோறு போடும் கலத்திலிருந்து தான் ஒருவன் மட்டும் எடுத்துத் தின்பதா? ஆண்டுக்கு ஒருநாள் வெளிப்பட்டு, அருள் உள்ளவர் கையில் சேர வேண்டும் என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர்விட்டான். பின்னால் அதே மணலில் கண்விழித்த மணிமேகலை வெறுங்கையோடு வந்தவள். போகும்போது அவள் கையில் அமுதசுரபி இருந்தது. மணிபல்லவம் யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நயினாதீவுதான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. இன்று அங்கே நாகபூசணி அம்மனுக்கும் நாகதீப விகாரைக்குமாகப் படகு நிறைய ஆட்கள் போகிறார்கள்.

பட்டினத்தாரின் பக்கம் சட்டி ஒரு பற்று. ஆபுத்திரனின் பக்கம் சட்டி ஒரு பந்தி. இந்த இரண்டு கதைகளில் இரண்டாவதுதான் கடினமானது என்று தோன்றுகிறது. உடைமையை விடுவது பற்றித் தமிழில் பாட்டுக்குக் குறைவில்லை. எதிரில் உண்ண ஆள் இல்லாததால் உணவைத் துறந்தவன் என்று இவன் ஒருவன்தான் நினைவுக்கு வருகிறான்.

அக்னி தீர்த்தத்தில் விடுவதற்கென்றே துணி கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். உடுத்திய துணியைக் கடலோடு விட்டால் தோஷம் போகும் என்ற நம்பிக்கை. அலை அந்தத் துணியை வாங்கிக்கொள்வதில்லை. சற்று நேரத்தில் கரையிலேயே ஒதுக்கிவிடுகிறது. நனைந்து மணல் ஏறிய வேட்டிகளையும் புடவைகளையும் துப்புரவுப் பணியாளர்கள் இழுத்துக் குவித்து வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒருவர் துறந்தது அரைமணி நேரத்தில் இன்னொருவர் தோளுக்குப் போய்விடுகிறது. காசி யாத்திரையிலும் விடும் சடங்கு உண்டு: கயையில் ஒரு காயையும் ஒரு பழத்தையும் இனி உண்பதில்லை என்று விட்டுவிட வேண்டும். பிடிக்காத பாகற்காயை மனமுவந்து விட்டவர்கள் குடும்பத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். அதில் குறைந்தபட்சம் யாரும் எதையும் அள்ள வேண்டியதில்லை.

காசி யாத்திரையை முறைப்படி செய்பவர்கள் ராமேசுவரத்தில் தொடங்குகிறார்கள். கடற்கரை மணலை எடுத்துப் பூசித்து, வேணிமாதவன் பெயரால் ஒரு பங்கைத் துணியில் முடிந்து பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணி சங்கமத்தில் கரைக்கிறார்கள். அங்கிருந்து கங்கைநீர் எடுத்துவந்து இராமநாதருக்கு அபிஷேகம். அனுமன் வடக்கிலிருந்து சுமந்து வந்த வழியில் தண்ணீர் வருகிறது, சீதை பிடித்த மணல் வடக்கே போகிறது. சுமந்து போவது அத்தனையும் அங்கே விடுவதற்காகத்தான்.

மாலை ரயில். உள்ளே எல்லோருக்கும் பசி. மேலே சாமான் பலகையில் வீட்டிலிருந்து வந்ததைவிடக் கனத்துப்போன பை ஏறிவிட்டது. பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்கிறது. பாட்டி மணல் முடிச்சை மடியிலேயே வைத்திருக்கிறாள். சரியாகப் பிழியாத புடவை ஒன்று பிளாஸ்டிக் பையின் ஓட்டை வழியாகச் சொட்ட ஆரம்பிக்கிறது. எதிர் இருக்கைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, அம்மா, இது உங்க பைதானே என்று கேட்கிறார்.