யார் யாரைப் பார்த்தது

கீழ்பென்னாத்தூரில், செஞ்சிக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஒரு வீட்டுத் திண்ணை. வாசலில் மல்லாட்டை காய்கிறது. குரு, பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர், சைவ நூல்களில் ஊறியவர். சீடன், அவரிடம் படித்துவிட்டு இப்போது சென்னையில் கணினி வேலை பார்க்கிறவன். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் மலை சுற்றப் போகிற வழியில் இறங்கியிருக்கிறான்.

சீடன்: ஐயா, ஒரு பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். சினிமாப் பாட்டு இல்லை, ஒரு வீடியோ கேமில் வருகிற காதல் பாட்டு. போன வாரம் ஏதோ தேடும்போது அது காதில் விழுந்தது. உட்கார்ந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. பாட்டு அவ்வளவு நல்ல பாட்டா, அல்லது என் பழைய நாட்கள்தான் அதற்குள் உட்கார்ந்துகொண்டு அழவைக்கின்றனவா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

குரு: பிரிக்கிறது பிறகு. முதலில் பாட்டைச் சொல்.

சீடன்: விளையாட்டின் பெயர் ஃபைனல் ஃபேன்டசி 8. ஜப்பானில் ஸ்கொயர் நிறுவனம் 1999 பிப்ரவரி 11 அன்று பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்டது. நான்கு சிடி. பாட்டு ‘ஐஸ் ஆன் மீ’. இசை நோபுவோ உவேமாட்சு. முறையாக யாரிடமும் இசை படிக்காமல் தானாகவே கற்றுக்கொண்டவர் என்பார்கள். வரிகள் காக்கோ சோமெயா. பாடியவர் ஃபே வோங், பெய்ஜிங்கில் பிறந்து ஹாங்காங்கில் பெரிய பாடகியானவர். அதே மாதம் 24ஆம் தேதி தனி சிடியாக வந்து ஜப்பானில் 3 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஜப்பான் கோல்டு டிஸ்க் விருதும் கிடைத்தது. வீடியோ கேம் பாட்டு ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை.

குரு: என்ன மொழியில் பாடுகிறார்?

சீடன்: ஆங்கிலத்தில்.

குரு: ஜப்பான்காரர் எழுதி, சீனப் பெண் பாடி, கீழ்பென்னாத்தூர்ப் பையன் கேட்டிருக்கிறான். மூன்று பேருக்குமே தாய்மொழி இல்லை. உனக்கு அப்போது வரிகள் புரிந்தனவா?

சீடன்: பாதிகூடப் புரியவில்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து பிளேஸ்டேஷன் கொண்டுவந்திருந்தார். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. சேவ் பாயிண்டுக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விட்டால், விளையாடினதெல்லாம் போச்சு. மெமரி கார்டு என்று ஒன்று உண்டு. அதில் பதினைந்து கட்டங்கள். ஒரு கட்டத்தில் நம் பயணம் முழுவதும் அடங்கிவிடும். அந்தக் கார்டை ஆயாவின் வெற்றிலைப் பெட்டியில்தான் பத்திரமாக வைத்திருப்பேன்.

குரு: சரி. பாட்டை யார் யாருக்காகப் பாடுகிறார்கள்?

சீடன்: அதுதான் ஐயா விசேஷம். கதாநாயகன் ஸ்குவால், நாயகி ரினோவா. ஆனால் பாட்டு அவர்களுடையது இல்லை, முந்தைய தலைமுறையுடையது. டெலிங் சிட்டி என்ற ஊரில் ஒரு ஹோட்டல். அங்கே ஜூலியா என்ற பெண் பியானோ வாசிப்பாள். லகூனா என்ற சிப்பாய் அவள் வாசிப்பதைக் கேட்கவே வருவான். பேச வேண்டும் என்று எழுந்து போனால் காலில் தசை பிடித்துக்கொள்ளும், திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவான். ஒரு நாள் அவளே அவனை அறைக்குக் கூப்பிட்டுப் பேசுகிறாள். தனக்குப் பாட்டு எழுத வேண்டும் என்று ஆசை, வரிகள்தான் அமையவில்லை, இப்போது அமையும் போலிருக்கிறது, அதற்குக் காரணம் நீதான் என்கிறாள். அவன் போருக்குப் போகிறான், அவளிடம் திரும்பி வரவேயில்லை. அவள் வேறொரு ராணுவ அதிகாரியை மணந்துகொள்கிறாள். அவள் பாடிய பாட்டு ஊரெல்லாம் பிரபலமாகிறது. அவள் மகள்தான் ரினோவா. ஸ்குவால் லகூனாவின் மகன் என்பதை விளையாட்டு வாய்விட்டுச் சொல்லாது, குறிப்பாகக் காட்டிவிடும்.

குரு: அப்படியானால் அந்த விளையாட்டுக்குள்ளேயே அது பழைய பாட்டு. நீ முதல் முறை கேட்டபோதே அது யாருடைய ஏக்கமாகவோ இருந்திருக்கிறது.

சீடன்: ஆமாம். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பாட்டு வருவதற்கு வெகு முன்பே அதன் மெட்டு வந்துவிடும். ஜூலியா வாசிக்கிற பியானோவில் வார்த்தையே இல்லாமல் வரும். கதை நடுவில் மெல்லிய வாத்தியங்களில் எட்டிப்பார்க்கும். ஸ்குவாலும் ரினோவாவும் விண்வெளியில் சாவிலிருந்து தப்பி ராக்னராக் என்ற கப்பலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், மூன்றாவது சிடியில், முழுக் குரலும் வரும். அதற்குள் மெட்டு நமக்கு நெடுநாள் பழக்கமானது போல் ஆகியிருக்கும்.

குரு: இளையராஜா பல படங்களில் செய்கிற வேலை இது. பின்னணியில் நம்மை அறியாமல் பழக்கிவிட்டுப் பிறகு பாட்டாகக் கொண்டுவருவார். ஏக்கத்தைத் தயாரிக்க முடியும் என்று அவருக்கும் தெரியும், உன் ஜப்பான்காரருக்கும் தெரியும்.

சீடன்: அப்படியானால் என் கண்ணீர் தயாரிக்கப்பட்டதுதானா?

குரு: தயாரித்தது என்பதாலேயே பொய்யாகிவிடாது. சமையலும் தயாரிப்புதான். சரி, உனக்கு அந்த வயதில் காதல் ஏதாவது இருந்ததா?

சீடன்: இல்லை. பெண்களோடு பேசவே கூச்சம்.

குரு: பிரிந்து போனவர்கள்? செத்துப் போனவர்கள்?

சீடன்: யாரும் இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டு வரும்போது எதையோ தொலைத்துவிட்டது போல் இருந்தது.

குரு: சாகுந்தலத்தின் ஐந்தாம் அங்கத்தை எடுத்துக்கொள். மறைமலையடிகள் 1907இல் தமிழாக்கினாரே, அந்த நாடகம். துஷ்யந்தன் அரண்மனையில் இருக்கிறான். உள்ளே அம்சபதிகை பாடுகிறாள். தன்னை மறந்துவிட்டு வேறொருத்தியிடம் போன அரசனைக் குத்திக்காட்டுகிற பாட்டு. அவனுக்கு அது புரிகிறது, சிரித்துக்கொள்கிறான். ஆனால் பாட்டு முடிந்ததும் மனசு நிலைகொள்ளவில்லை. நான் யாரையும் பிரிந்திருக்கவில்லையே, ஏன் இந்தத் தவிப்பு, முற்பிறவி அன்பு ஏதாவது நினைவடியில் கிடந்து அசைகிறதோ என்று யோசிக்கிறான். பார்க்கிற நமக்குத்தான் தெரியும். முற்பிறவி ஒன்றும் இல்லை. இந்தப் பிறவியிலேயே சகுந்தலையை மணந்து, துர்வாசர் சாபத்தால் மறந்திருக்கிறான்.

சீடன்: ஐயா, இது அப்படியே அந்த விளையாட்டுதான். அதில் கார்டியன் ஃபோர்ஸ் என்று சில சக்திகள். போரில் வெல்ல அவற்றை மனசுக்குள் குடியேற்ற வேண்டும். அவை இடம் பிடித்துக்கொள்ள, பழைய நினைவு அழிந்துபோகும். ஸ்குவாலும் தோழர்களும் ஒரே அநாதை விடுதியில் ஒன்றாக வளர்ந்தவர்கள், ஆனால் ஒருவருக்கும் நினைவில்லை. அந்தச் சக்திகளை மற்றவர்கள் அளவுக்குப் பயன்படுத்தாத ஒருவன் மட்டும் நினைவு வைத்திருக்கிறான். குண்டு விழுந்து இடிந்த பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து மைதானத்தில் நின்று அவன்தான் அதை எல்லோருக்கும் சொல்கிறான்.

குரு: சகுந்தலையின் மோதிரம் போல மோதிரமும் இருக்கிறதா?

சீடன்: இருக்கிறது! ஸ்குவாலின் மோதிரத்தை ரினோவா தன் கழுத்துச் சங்கிலியில் கோத்திருப்பாள். விண்வெளியில் அவள் மிதந்து போகும்போது கண்முன் அது மிதக்கும்.

குரு: காளிதாசனைப் படித்துவிட்டுத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மறதியைப் பற்றிக் கதை சொல்ல உட்கார்ந்தால் மனிதர்கள் பாட்டிடமும் மோதிரத்திடமும்தான் போய் நிற்பார்கள் போலிருக்கிறது. சரி, அந்தப் பாட்டின் வரிகளில் என்னதான் இருக்கிறது? உன் வார்த்தையில் சொல்.

சீடன்: எளிமையான வரிகள். சாதாரணம், சர்க்கரைப் பாகு, விளையாட்டின் மற்ற இசையோடு ஒட்டவில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. மேடையில் பாடுகிறவள் மூலையில் உட்கார்ந்திருக்கிற ஒருவனைப் பார்த்துப் பாடுகிறாள். அவன் கூச்சத்தோடு சிரிப்பதை, அவன் கண் தன்மேல் இருப்பதைச் சொல்கிறாள். நீ பார்த்தாய், நானும் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பது போல.

குரு: நிறுத்து. அங்கேயே நில். லகூனா தினமும் வந்து உட்கார்ந்தபோது, யார் யாரைப் பார்ப்பதாக நினைத்தான்?

சீடன்: தான் அவளைப் பார்ப்பதாக.

குரு: குறளில் குறிப்பறிதல் என்று ஒரு அதிகாரம், 110ஆவது. நாம் நோக்கும்போது அவள் தரையைப் பார்ப்பாள், நோக்காதபோது நம்மைப் பார்ப்பாள் என்று அங்கே ஒருவன் சொல்கிறான். வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். நோக்காதபோது அவள் பார்த்தது இவனுக்கு எப்படித் தெரியும்? ஊகிக்கிறான், ஆசைப்படுகிறான். உன் பாட்டில் அந்தப் பெண்ணே வாய் திறந்து சாட்சி சொல்கிறாள். நீ ஊகித்தது நிஜம்தான், நான் பார்த்தேன் என்கிறாள். ஆனால் அந்தச் சாட்சி பாட்டாகி ஊரெல்லாம் ஒலிக்கும்போது, அவன் அவளிடமிருந்து எட்டாத தூரத்தில் இருக்கிறான்.

சீடன்: இப்படி நான் யோசித்ததே இல்லை.

குரு: இப்போது உன்னிடம் வருவோம். ஒரு பையன் மணிக்கணக்காக ஒரு திரையைப் பார்க்கிறான். சினிமாவாவது கூட்டத்தோடு பார்ப்பது. நீ தனியாக. திரை உன்னைத் திரும்பிப் பார்க்காது. வகுப்பிலும் உன்னை யாரும் பார்ப்பதாக உனக்குத் தோன்றாத வயது. அப்போது திரைக்குள்ளிருந்து ஒரு குரல், மூலையில் இருக்கிறவனே, உன்னைத்தான் பார்த்தேன் என்கிறது. மொழி பாதி புரியாவிட்டாலும் குரல் யாரை நோக்கி வருகிறது என்பது புரிந்துவிடும்.

சீடன்: உண்மை ஐயா. அந்தப் பாட்டில் ஃபே வோங் உரக்கப் பாடவே மாட்டார். பக்கத்தில் இருக்கிறவனிடம் பேசுகிற அளவுக்குத்தான் குரல் எழும்பும்.

குரு: சைவத்தில் நயன தீட்சை என்று ஒன்று. தொடவும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். குரு பார்ப்பதே போதும். இங்கே திருவண்ணாமலையில் ரமணரிடம் வந்தவர்கள் எத்தனை பேர், அவர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நாம் கோயிலுக்குப் போவதும் சாமியைப் பார்க்க மட்டும் என்று நினைக்காதே. பழைய நாளுக்கு ஏங்குகிறோம் என்று சொல்கிறோமே, அந்த நாளில் அப்படி என்ன இருந்தது? கரண்ட் கட், பரீட்சை பயம், கூச்சம். அவற்றுக்கா ஏங்குகிறாய்? நம்மேல் விழுந்திருந்த பார்வை ஒன்று அங்கே இருந்தது. அப்போது கவனிக்கவில்லை. அதற்குத்தான் ஏங்குகிறோம் என்று எனக்குப் படுகிறது.

சீடன்: என்மேல் யார் பார்வை ஐயா விழுந்திருந்தது? நான் தனியாகத்தான் விளையாடினேன்.

குரு: மெமரி கார்டை எங்கே வைத்தாய் என்று சொன்னாய்?

சீடன்: ஆயாவின் வெற்றிலைப் பெட்டியில்.

குரு: பெட்டி எங்கே இருந்தது?

சீடன்: ஆயா மடியருகே. அவர் எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம்கூட... ஆமாம், டக் டக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும். டிவியில் என்ன ஓடுகிறதென்று அவருக்குத் தெரியாது. ஒரு தடவை கேட்டார், அந்தப் பொண்ணு எதுக்குடா அழுவுறா என்று. அழவில்லை ஆயா, பாடுகிறாள் என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

குரு: அவர் டிவியைப் பார்த்தாரா, உன்னைப் பார்த்தாரா?

சீடன்: (சற்று நேரம் பேசவில்லை) ஐயா, ஆனாலும் இதை அப்படியே ஏற்க மனசு வரவில்லை. ஆயாவின் நினைவுதான் என்றால், அவர் முணுமுணுத்த பாட்டு ஏதாவது கேட்டால் அல்லவா நான் அழ வேண்டும்? அது கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதுவும் போகட்டும். இந்தப் பாட்டைக் கேட்டு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் மல்லாட்டை உரித்தது யார்?

குரு: நல்ல கேள்வி. முதலாவதற்குச் சொல்கிறேன். ஆயாவின் பாட்டில் ஆயா முன்னால் நிற்கிறார், நீ கேட்கிறாய். அந்த இடம் உனக்கு ஏற்கெனவே தெரியும். இந்தப் பாட்டு, பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்கிறது. ஆயா ஒரு நாளும் சொல்லாத வாக்கியம் அது. நம் வீட்டுப் பெரியவர்கள் அதையெல்லாம் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள். சொல்லாமல் விட்டதை வேறு யாரோ சொல்லும்போது உடைந்துபோகிறோம்.

சீடன்: இரண்டாவது?

குரு: அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. பெயர் வைத்துவிட்டால் அது இன்னாருடைய காதலாகிவிடும், மற்றவன் நுழைய இடமிருக்காது. நீ சொன்ன பாட்டின் வரிகளில் ஜூலியா, லகூனா என்ற பெயர்கள் வருகின்றனவா?

சீடன்: வரவில்லை.

குரு: அந்த மூலை இருக்கை காலியாகக் கிடக்கிறது. ஒவ்வொருவரும் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அவரவரைப் பார்த்தவர் அவரவருக்கு.

சீடன்: இந்த விளையாட்டு முடியும்போது ஒரு காட்சி வரும் ஐயா. விருந்து ஒன்றில் கையடக்க வீடியோ கேமராவை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பிடிக்கிறார்கள். யாரிடம் கேமரா இருக்கிறதோ அவர் தெரியமாட்டார், அவர் பார்க்கிறவர்கள் மட்டும் தெரிவார்கள். கடைசியில் பேட்டரி தீர்ந்துவிடும். இப்போது நினைத்தால், எங்கள் வீட்டு ஆல்பத்திலும் ஆயா படம் அதிகம் கிடையாது. அவர் ஓரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

குரு: அப்படித்தான் இருக்கும். என் அம்மாவுக்கும் ஒரே ஒரு படம்தான், ரேஷன் கார்டுக்கு எடுத்தது.

சீடன்: அப்போது முதலில் கேட்டதற்கு என்ன விடை? பாட்டு நல்ல பாட்டா, என் நாட்கள்தான் பாட்டா?

குரு: இவ்வளவு பேரை உட்காரவைக்கிற இருக்கையைச் செய்தவன் நல்ல தச்சன் என்று இவ்வளவு தூரம் ஒத்துக்கொள்ளலாம். வரிகள் சாதாரணம் என்று குறை சொல்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் அதில் ஒரே ஒரு நல்ல எண்ணம்தான், மேடையில் இருப்பவள் கீழே இருப்பவனைப் பார்ப்பது. அந்த ஒன்று போதுமானதாக இருந்திருக்கிறது. ஆனால் நான் இன்னும் கேட்கவில்லையே. கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சீடன்: போனில் இருக்கிறது, போடட்டுமா?

குரு: பாடினதைப் போடாதே. நீ இவ்வளவு கதை சொன்ன பிறகு அந்தக் குரலை நடுநிலையோடு கேட்க என்னால் ஆகாது. முதலில் வார்த்தை இல்லாமல் வரும் என்றாயே, அந்தப் பெண் ஹோட்டலில் வாசிக்கிற பியானோ, அதைப் போடு. சொல்லும் கதையும் இல்லாமல் மெட்டு மட்டும் நிற்கிறதா என்று பார்க்கிறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொள், உன் முகத்தைப் பார்த்தால் நான் உன் பக்கம் சாய்ந்துவிடுவேன்.