புகலிடமும் பின்பயனும்: ஓர் அறவியல் நோக்கு

போர்க்காலத்தில் உயிர் காக்கவென அமைக்கப்பட்ட ஓர் இடத்தைப் போர் ஓய்ந்தபின் வேறொரு தேவைக்குப் பயன்படுத்துவது முறையா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்கு வீண்வினாவாகத் தோன்றலாம். பயனற்றுக் கிடப்பதைப் பயன்படுத்துவதில் யாது குற்றம் என அவர் கேட்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இவ்வினாவிற்கு அத்துணை எளிதில் விடை காண இயலாது.

அணுக்குண்டுப் புகலிடங்களை முதலில் நோக்குவோம். சுவிற்சர்லாந்து 1963ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றி, நாட்டில் வாழ்வோர் அனைவர்க்கும் நிலத்தடிப் புகலிடம் அமைக்க முற்பட்டது. லுசேர்ண் நகரின் சொன்னன்பேர்க் நெடுஞ்சாலைச் சுரங்கம் 1976இல் 20,000 பேர் தங்கத்தக்க புகலிடமாகவும் அமைந்தது. 1987இல் நடைபெற்ற ஒத்திகையின்போது அதன் பாரிய கதவுகளுள் ஒன்று சரிவர மூடவில்லை என்பது இவ்வகை ஏற்பாடுகளின் மீது நம்பிக்கை வைப்போர் கருதத்தக்கது. அந்நாட்டு வீடுகளின் கீழுள்ள புகலறைகளில் இன்று வைன் போத்தல்களும் பனிச்சறுக்குப் பலகைகளும் அடுக்கப்பட்டுள்ளன. பின்லாந்தின் தலைநகரில் ஒரு புகலிடம் நீச்சல் தடாகமாக விளங்குகின்றது. ஆபத்து நேரின் 72 மணி நேரத்துள் அதனை வெறுமையாக்கி ஆயத்தப்படுத்தல் வேண்டும். அல்பேனியாவில் என்வர் ஹோஜாவின் ஆட்சிக்காலத்திற் கட்டப்பட்ட பெரும் நிலவறையொன்று 2014இல் அரும்பொருட்சாலையாகத் திறந்துவைக்கப்பட்டது. இவற்றுள் எதிலும் அணுக்குண்டுக்கு அஞ்சி எவரும் உயிர் ஒளித்ததில்லை. வாராத ஆபத்தின் பொருட்டுக் கட்டப்பட்டவை அவை. எனவே அங்கு வைன் வைத்தாலென்ன, நீந்தினாலென்ன, எவருடைய நினைவும் அதனாற் புண்படப் போவதில்லை.

குடாநாட்டுப் பதுங்குகுழியோ வந்த ஆபத்தின் பொருட்டு வெட்டப்பட்டது. பொதுமக்கள் அதனைப் ‘பங்கர்’ என்றே வழங்கினர். 1980களின் நடுப்பகுதி தொட்டு, சிறப்பாக 1990 யூனில் மீண்டும் போர் மூண்டதன் பின்னர், பங்கர் இல்லாத வளவு அரிதாயிற்று. சுண்ணக்கல் மேலெழுந்து கிடக்கும் நிலத்தில் ஆளுயரக் குழி வெட்டுவது இலேசான காரியமன்று. அலவாங்கு தேய வெட்டிய குழியின் மீது பனங்குற்றிகளை நிரையாக அடுக்கி, ஓலை பரப்பி, மண் கொட்டி, மண் மூட்டைகளைச் சுற்றிவர வைத்தனர். கற்பகதரு எனப் போற்றப்பட்ட பனை பல்லாயிரக்கணக்கில் வீழ்ந்தமை இக்காலத்திலேதான். 1990இற் புகையிரத சேவை நின்றபின், வடபகுதிப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளின் கூரையாயின. ஆக, பிரயாணத்திற்கென அமைந்த இரும்பு புகலிடமாக மாறிற்று. புதுப்பயன் காண்பது போர் முடிந்தபின் தொடங்கிய செயலன்று. பங்கரே ஒரு புதுப்பயன் எனலாம்.

அக்குழியினுள் ஒளிதல் மாத்திரம் நிகழவில்லை. காணி உறுதியும் நகையும் பெட்டியுடன் அங்கே இறங்கின. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிதான அந்நாட்களில் யாம் போத்தலினுள் எரிந்த சிறு திரிவிளக்கின் ஒளியில் உயர்தர வகுப்பு மாணவர் பாடம் படித்தனர். மாரியில் வெள்ளம் நின்றது. பாம்பும் தேளும் குடியிருந்தன. ‘சகடை’ எனவும் ‘பொம்மர்’ எனவும் மக்கள் பெயரிட்டழைத்த விமானங்களின் இரைச்சலை மனிதர்க்கு முன்னரே உணர்ந்து வீட்டு நாய் முதலில் உள்ளே இறங்கிய கதையைக் கூறாத குடும்பம் குறைவு.

இங்கு ஓர் அறவியற் பிரச்சினை எழுகின்றது. 1961இல் அமெரிக்காவில், தன் குடும்பத்திற்கென ஒருவன் கட்டிய அணுக்குண்டுப் புகலிடத்தினுள் அயலவன் வலிந்து நுழைய முற்படின் அவனைச் சுட்டுத் தடுக்கலாமா என்னும் விவாதம் பகிரங்கமாக நடைபெற்றது. மக்ஹியூ என்னும் யேசுசபைத் துறவியார், தற்காப்புரிமையின் அடிப்படையில் அவ்வாறு தடுத்தல் பாவமாகாது எனக் கத்தோலிக்க சஞ்சிகையொன்றில் எழுதினார். அதற்குக் கடுங் கண்டனமும் எழுந்தது. யாழ்ப்பாணத்துப் பங்கருக்குக் கதவே இருக்கவில்லை. வீதியிற் சென்றவர் சைக்கிளை வேலியோரம் போட்டுவிட்டு, எவர் வளவு என்று கேளாமல் இறங்கினர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஒரு பகுதி மக்களை உள்ளே விடுவதா எனப் போராட்டம் நிகழ்ந்த மண் இது என்பதை நினைக்குமிடத்து, இதன் பொருள் சாதாரணமானதன்று. ஆயினும் எல்லா வளவுகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது எனக் கூறுவது மிகையாகும். விமானம் போனபின் கதியால் வேலி பழையபடி வேலியாகவே நின்றது, கிணற்றடியும் மாறிவிடவில்லை. அரை மணி நேரச் சமத்துவம் மெய்யான சமத்துவந்தானா என்று ஐயுறுவோர்க்கு எளிதில் மறுமொழி கூறவியலாது. எனினும், அந்த அரை மணி நேரத்தில் எவரும் எவரையும் வெளியே தள்ளவில்லை எனின், துறவியாரின் தருக்கத்தில் எங்கோ ஒரு பிழை உண்டு என்பதற்கு அதுவே சான்றாகும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தபோது, பங்கர்களை விட்டுச் சென்றனர். திரும்பியோர் கண்டவை இருவகைக் குழிகள்: ஒன்று தாம் வெட்டியது, மற்றையது படையினர் வெட்டியது. உயர் பாதுகாப்பு வலயமாயிருந்து பின்னாளில் விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளில், வீட்டின் அடையாளமே அழிந்திருக்க, மண்ணணைகளும் காவலரண்களும் எஞ்சியிருந்த நிலையை அங்கு மீள்குடியேறியோர் நன்கறிவர்.

தாம் வெட்டிய குழியை மக்கள் என் செய்தனர்? பெரும்பாலோர் மூடினர். குப்பை கொட்டிப் பசளைக் கிடங்காக்கியவரும், தூர்ந்த குழியில் வாழை நட்டவரும் உளர். பனங்குற்றிகள் அடுப்பெரிந்தன. இதனை நினைவுக்குச் செய்த துரோகம் எனச் சில கற்றோர் கருதுவதுண்டு. ஒன்றையேனும் பேணியிருக்கலாகாதா என அவர் வினவுகின்றனர். அக்கவலையிற் பொருளில்லாமலில்லை. ஆனால், அக்குழியினுள் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்த தாயை அதனை நாள்தோறும் முற்றத்திற் பார்த்துக்கொண்டிருக்கும்படி பணிக்கும் உரிமை எவருக்குண்டு? வெட்டியவரே மூடுவது மறதியன்று. அஃது அவருடைய தீர்ப்பு.

தீர்ப்பு வேறொருவர் கைக்குச் செல்லும்போதே அநீதி தோன்றுகின்றது. 2009இன் பின் வன்னியிற் புதுக்குடியிருப்பை அண்டிய புலிகள் தலைவரின் நிலத்தடி மாளிகை, தென்னிலங்கையினின்று வந்தோர்க்குக் காட்சிப்பொருளாக்கப்பட்டது; 2013 ஒக்டோபரில் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. காட்டியவரும் தகர்த்தவரும் ஒருவரே. அவ்விடத்தைப் பற்றி அயலூர் மக்கள் என்ன எண்ணினர் என்பது இரு தடவையும் கேட்கப்படவில்லை. அதனைப் போற்றியிருப்பரா, வெறுத்திருப்பரா என்பது இங்குப் பிரச்சினையன்று.

யாழ்ப்பாணக் கோட்டையின் கதை சற்று வேறானது. போர்த்துக்கேயர் கட்ட, ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் விரித்தமைத்த அது, ஊரவரை அடக்க எழுந்தது. 1990இல் முற்றுகைக்குள்ளாகிப் பெரிதும் சிதைந்தது. இன்று மாலை வேளைகளில் அதன் மதில்மீது குடும்பங்கள் காற்று வாங்குகின்றன. அவர்களைக் குறை கூற எவரும் துணியார். நானூறாண்டு தூரம் துயரை ஆற்றிவிட்டது போலும். முப்பதாண்டு போதுமா என்பதுதான் சிக்கல்.

நவாலியையும் இங்கு எண்ணிப்பார்த்தல் தகும். 1995 யூலை 9ஆம் திகதி, எறிகணைக்கு அஞ்சிப் புனித பேதுருவானவர் தேவாலயத்திற் புகுந்தோர் மீது விமானக் குண்டுகள் வீழ்ந்தன; நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புகலிடமே காக்கத் தவறிய இடம் அது. ஊரவர் அதனைக் கைவிடவுமில்லை, காட்சிச்சாலை ஆக்கவுமில்லை. யூலை 9 வரும்போது மாண்டோர்க்கு அங்கு நினைவு கூரப்படுகின்றது. ஏனைய நாட்களில் திருப்பலியும் திருமணமும் அதே கூரையின் கீழ் நடைபெறுகின்றன.