செவிக்கும் சீலம் வேண்டும்



பஞ்சசீலத்தில் நான்காவதை ஏற்கும்போது நாவைக் காப்பதாக நாம் உறுதி கூறுகிறோம். ஆனால் நாவில் புரளும் பிறர் கதைகள் யாவும் முதலில் செவி வழியாகவே நம்முள் புகுந்தவை. செவியைக் காவாதவன் நாவை நெடுநாள் காத்தல் அரிது. ஆதலின் செவியின் ஒழுக்கத்தைக் குறித்து இன்று சிந்திப்போமாக.

புனேயில் வாழும் நமக்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் சோதனை. லோனாவாலா செல்லும் உள்ளூர் ரயிலில் கட்கியிலும் தேஹு ரோட்டிலும் ஏறி இறங்கும் தமிழர் பலர். சுற்றிலும் மராத்தி ஒலிக்கும் பெட்டியில், நம் மொழி இங்கு யாருக்குத் தெரியப்போகிறது என்ற துணிவோடு ஒருவர் மகளின் மணமுறிவையும், கடன் தொல்லையையும், மருத்துவர் கூறிய நோயின் பெயரையும் கைப்பேசியில் உரக்கச் சொல்லிவிடுகிறார். எதிரில் அமர்ந்திருப்பவரும் தமிழரே! அவர் என் செய்ய வேண்டும்?

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. தானே வந்து விழுந்த சொல் குற்றமாகாது. எண்ணமே வினை என்பதன்றோ பகவன் போதனை? மேலும் கேட்க வேண்டுமென்று நாம் செவியைத் தீட்டும் கணத்திலேதான் வினை தொடங்குகிறது.

விநய பிடகத்தில் இதற்கென்றே ஒரு விதி உள்ளது. பாசித்திய விதிகளில் அது 78ஆவது. பிக்குகள் சிலர் பிணங்கிப் பேசுகையில், அவர் சொல்வதை அறியும் நோக்கத்தோடே வேறு சிலர் ஒதுங்கி நின்று கேட்டனர். அச்செயலைப் பகவன் குற்றமென விதித்தார். கேட்டபின் தான் அடங்கி விலகலாம் என்றோ, தன்னைப் பழியினின்று விடுவித்துக் கொள்ளலாம் என்றோ செல்பவனுக்குக் குற்றமில்லை. பிறர் மறைவாகப் பேசுமிடத்தில் இருக்க நேர்ந்தால் இருமியாவது தன் இருப்பை அறிவிக்க வேண்டும் என்பதும் அவ்விதியின் விளக்கம். பகவனும் அவ்வாறே நடந்து காட்டினார். சாவத்தியில் ரம்மகரின் ஆசிரமத்தில் பிக்குகள் தன்ம உரையாடலில் இருந்தபோது, பேச்சு முடியும்வரை வாயிலுக்கு வெளியே காத்து நின்று, பின்பு இருமிக் கதவைத் தட்டினார்.

ரயிலில் நமக்குரிய இருமல் யாது? “ஐயா, எனக்கும் தமிழ் தெரியும்” என்னும் ஒரு சொல்லே. அவர் சற்று நாணலாம். ஆனால் அவருடைய மானம் காக்கப்படும்.

கேட்டவை யாவும் தள்ளத்தக்கவையோ எனின், அன்று. நாதிகை என்னும் ஊரில் பகவன் தனித்திருந்து சார்பில் தோற்றத்தை ஓதுகையில் ஒரு பிக்கு அருகே நின்று கேட்டார். அவரைக் கண்ட பகவன் கடிந்தாரில்லை. அதனைக் கற்று மனத்தில் இருத்துமாறு பணித்தார். எல்லோர்க்கும் உரிய நன்மையைக் கொள்ளலாம். ஒருவர்க்கே உரிய துன்பத்தைக் கொண்டுபோய்ப் பிறரிடம் பரப்பலாகாது. “இன்றிரவு வீடு செல்ல அஞ்சுகிறேன்” என ஒரு பெண் அழுவது காதில் விழுந்தால், கேளாதவர்போல் இருப்பதும் அறமன்று. “அம்மா, உதவி வேண்டுமா?” என்று கேட்க வேண்டும், ஆபத்தாயின் 112 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

அரைகுறைக் கேள்வி எத்துணைக் கேடு செய்யும் என்பதற்கு வஜ்ஜி நாடு சாட்சி. அஜாதசத்துருவின் அமைச்சன் வஸ்ஸகாரன் அங்குப் புகுந்து, லிச்சவியருள் ஒருவனைத் தனியே அழைத்து, வயல் உழுகிறார்களா என்பது போன்ற வெறும் வினாவைக் கேட்டனுப்புவான். என்ன பேசினான் என்று மற்றவன் விசாரிப்பான்; உண்மையான விடையை நம்பமாட்டான். இவ்வாறு மூன்றாண்டுகளில் அவர்களுடைய ஒற்றுமை சிதைந்து, நாடே வீழ்ந்தது என உரைநூல் கூறுகிறது. காது கேளாத பகுதியைச் சந்தேகம் தானே இட்டு நிரப்பிக்கொண்டது!

நாமோ சிறு கூட்டத்தினர். ஊரில் பட்ட இழிவை விட்டகன்று இந்நகரில் குடியேறியோர் நம்மிற் பலர். பேச்சிடையே விழும் ஊர்ப்பெயரையும் உறவுமுறையையும் கொண்டு இன்ன சாதியார் எனக் கணித்து, வாடகை வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லும் செவிகள் இன்றும் உள்ளன. அச்செவியின் கொடுமையை அறிந்த நாம் பிறர்க்கு அத்தகைய செவியாகலாமோ? நம்முள் ஒருவர் குடும்பக் கதையை மற்றொருவர் சுமந்து திரிந்தால், வஜ்ஜியர்க்கு நேர்ந்தது நமக்கு நேராதோ?

தேஹு ரோட்டில் 1954 டிசம்பர் 25 அன்று அண்ணல் அம்பேத்கர் பகவனின் திருவுருவை நிறுவினார். அவ்விகாரைக்குச் செல்லும் நாம் வாயிலில் காலணியைக் கழற்றுகிறோம். வழியில் கேட்ட பிறர் கதையையும் அங்கேயே இறக்கிவிட்டு உட்புகுவோமாக. திரும்புகையில் அதனை எடுக்காமலே வருவோமாக.

சாது! சாது! சாது!