செல்ல இயலாத விருந்து: கலே துறைமுக நகரும் புகலிட அறமும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். தொல்காப்பியம் புதுவதாகப் புனையப்படும் செய்யுளையும் இச்சொல்லாலேயே குறிக்கிறது. வாயிலில் வந்து நிற்கும் அறியாத முகத்திற்கும் இதுவே பெயராயிற்று. ஆனால் அம்முகம் பழகிப் புதுமை நீங்கிய பின்னரும் அவர் அங்கேயே நின்றால் அவரை என்னென்று அழைப்பது? வள்ளுவர் செல்விருந்து, வருவிருந்து என இரண்டைக் கூறுகிறார். போகவும் இயலாமல் தங்கவும் இடமின்றி நிற்பவரை அவ்விரண்டும் சுட்டவில்லை. அத்தகையோர் வாழும் கலே என்னும் பிரெஞ்சுத் துறைமுக நகரை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலேயின் கரையில் தெளிந்த நாளில் நின்றால் இங்கிலாந்தின் வெண்பாறைகள் தெரியும். நீரிணையின் மிகக் குறுகிய பகுதி ஏறத்தாழ 33 கி.மீ. தான். ஆப்கானிஸ்தான், சூடான், எரித்திரியா, ஈராக்கின் குர்து நிலம் முதலிய இடங்களிலிருந்து வந்தோர் நகரின் புறத்தே கூடாரங்களில் வாழ்கின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் கலேயில் குடியேற வந்தவரல்லர். கடந்து செல்ல வந்தவர். 2003இல் கையெழுத்தான லெ தூக்கே ஒப்பந்தம் பிரித்தானியக் குடிவரவுச் சோதனையைப் பிரெஞ்சுத் துறைமுகங்களிலேயே நடத்த வழிசெய்தது. எல்லை கடலைத் தாண்டி இக்கரைக்கு வந்துவிட்டது எனலாம். பிரித்தானியாவில் புகலிடம் கோர அந்நாட்டு மண்ணில் நிற்க வேண்டும். சிறு திட்டங்கள் சில நீங்கலாக, அதற்கென விசா ஏதுமில்லை. சிறு படகில் ஏறுவதே எஞ்சும் வழியாகிறது. 2021 நவம்பர் 24 அன்று அவ்வாறு சென்ற படகொன்று கவிழ்ந்ததில் குறைந்தது 27 பேர் மாண்டனர். செல்விருந்தாகவே இருக்க விரும்பியவரை நிறுத்தி வைத்தது ஒப்பந்தம். நின்றதற்கான பழி மட்டும் அவர்மீது விழுகிறது.

2016 அக்டோபரில் கலேயின் பெருங்கூடார முகாம் அகற்றப்பட்டு 6,000க்கும் மேற்பட்டோர் நாட்டின் பல பகுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். அதன்பின், உணவும் நீரும் வழங்கினால் மக்கள் மீண்டும் அங்கே நிலைகொள்வர் என்னும் வாதம் வலுப்பெற்றது. 2017 மார்ச்சில் நகர மேயர் உணவு வழங்கலுக்காகக் கூடுவதைத் தடுத்து ஆணையிட்டார். லீல் நகர நிர்வாக நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. குடிநீர்க் குழாயும் கழிப்பிடமும் அமைக்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து அரசும் நகராட்சியும் மேல்முறையீடு செய்தன. அவ்வாண்டு ஜூலை 31 அன்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது.

நகரத்தாரை எளிதில் கொடியவர் எனல் தகாது. எல்லையை அங்கே கொணர்ந்தவர் அவர்களல்லர். சரிகைப்பின்னல் தொழில் நலிந்து வேலையிழப்பைக் கண்ட ஊர் அது. பசியின் வரலாறும் அதற்குப் புதிதன்று. 1346-47இல் ஆங்கில மன்னர் மூன்றாம் எட்வர்டு முற்றுகையிட்டபோது, உணவை மீதப்படுத்த ஏழைகள் மதிலுக்கு வெளியே அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு உணவளித்து மன்னரே வழிவிட்டார் என்பது ஒரு வரலாற்றுக் குறிப்பு. மதிலுக்கும் பாசறைக்கும் இடையே பட்டினியால் மடிந்தனர் என்பது மற்றொன்று. ஊருக்காகத் தம்மை ஒப்படைத்த அறுவருக்கு ரோதென் வடித்த சிலை நகர்மன்றத்தின் முன் நிற்கிறது.

எனினும் மேற்சுட்டிய வாதம் அறநோக்கில் நிற்பதன்று. இவருக்கு நீர் தேவையில்லை என்று அது கூறவில்லை. இவருக்கு மறுத்தால் அடுத்தவர் வரமாட்டார் என்கிறது. ஒருவரின் தாகம் மற்றொருவருக்கான அறிவிப்புப் பலகையாக ஆக்கப்படுகிறது. மனிதரை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்ற இம்மானுவேல் காண்ட், 1795இல் வெளியிட்ட அமைதி குறித்த நூலில் அயலவருக்கு வந்துபோகும் உரிமையை மட்டுமே ஏற்றார். தங்கும் உரிமையை ஏற்கவில்லை. இவ்வளவு சுருங்கிய கொள்கையும், திருப்பி அனுப்பினால் அழிந்துபடுவார் எனில் அனுப்பலாகாது என்கிறது.

இங்கு நம் மரபின் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விருந்தோம்பல் வள்ளுவத்தில் இல்லறவியலுள் அமைகிறது. அது இல்வாழ்வானின் கடமை. விருந்தின் முகம் வாடும் என்று அந்நூல் நுட்பமாக உணர்கிறது. வாடியவர் கேட்டுப் பெறத்தக்கது யாது என்று கூறுவதில்லை. கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் சொல்லி இதனைக் கடந்துவிட இயலாது. பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் 2018 ஜூலை 6 அன்று, சகோதரத்துவக் கோட்பாட்டினின்று பிறருக்கு மனிதநேய உதவி செய்யும் சுதந்திரம் பிறக்கிறது என்று தீர்ப்பளித்தது. இதுவும் கொடுப்பவரின் சுதந்திரமே. 2017ஆம் ஆண்டுத் தீர்ப்போ மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நிலையில் ஒருவரை விட்டுவைக்கலாகாது என்னும் அடிப்படையில் நின்றது. அங்கே பேசப்பட்டது கொடுப்பவரின் பண்பன்று, பெறுபவரின் உடல். 2020 செப்டம்பரில் அரசு ஏற்பில்லாத அமைப்புகள் நகரின் மையத் தெருக்களில் உணவு வழங்குவது மீண்டும் தடைசெய்யப்பட்டபோது, முதலில் பேசப்பட்டது தொண்டர்களின் உரிமை பற்றியே. வரிசையில் நின்றவரின் உரிமை பின்னரே வந்தது.