இயக்கமும் பற்றின்மையும்

கர்மத்தில் ஈடுபட்டுக்கொண்டே பற்றற்றிருத்தல் கூடுமா, அன்றிப் பற்று அறவேண்டுமானால் கர்மத்தையே விட்டொழிக்க வேண்டுமா என்னும் வினா, கீதையின் காலந்தொட்டு நம் சிந்தனையாளரை விட்டு அகன்றதில்லை. இதற்கு யந்திரசாலையிலும் ஒரு விடை உண்டென்றால் வேதாந்திகள் புன்முறுவல் பூக்கக்கூடும். ஆயினும் அது கேட்கத்தக்க விடையே.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசற்காட்டுக் கிணறுகளில் பம்பு வைத்து நீரிறைத்தவர்கள், தண்டு வெளிவரும் வாயில் திணித்த கிளாண்டுக் கயிற்றின் வழியே நீர் சொட்டிக்கொண்டிருப்பதை அறிவார்கள். அச்சொட்டையும் நிறுத்த எண்ணி நட்டை இறுக்கினால் கயிறு கருகும், தண்டும் தேயும். விஷவாயுவை அழுத்தும் ஆலைக் கம்பிரஸர்களிலோ அவ்வளவு கசிவும் ஆகாதென்பதால், வாயுவையே மசகாகக் கொண்ட மெக்கானிக்கல் சீலைப் பொருத்துகிறார்கள். தண்டோடு சுழலும் வளையம் ஒன்றும் சுழலாத வளையம் ஒன்றும் முகத்தோடு முகம் பொருந்த, ஸ்பிரிங் அவற்றை நெருக்குகிறது; ஒரு முகத்தில் சில மைக்ரான் ஆழத்துக்குச் சுருட்பள்ளங்கள் செதுக்கியிருக்கிறார்கள். யந்திரம் ஓய்ந்திருக்கையில் ஒட்டிக் கிடக்கும் இவ்விரு முகங்களும், சுழற்சி வேகங்கொண்டதும் பள்ளங்கள் வாயுவை உள்ளிழுத்து அழுத்துவதால், சுமார் 3 மைக்ரான், அதாவது தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு விலகி, ஒன்றையொன்று தீண்டாமலே காவல் புரிகின்றன. இடைவெளி குறுகினால் வாயுவின் அழுத்தம் ஏறி விலக்கும். விரிந்தால் அழுத்தம் தளர, ஸ்பிரிங் நெருக்கும்.

ஓய்வில் ஒட்டுதலும் இயக்கத்தில் விலகுதலுமாகிய இந்நிலை, காரியத்தைக் கைவிட்டால் வைராக்கியம் தானே வருமென்ற சாமானிய எண்ணத்துக்கு நேர்விரோதமானது. சும்மா இருக்கும் மனமே பழைய ஆசைகளோடு இறுக ஒட்டிக்கொள்கிறது என்பதை அனுபவம் காட்டவில்லையா? 1879-இல் திருச்சுழியில் அவதரித்த ரமணர், 16 வயதில் வீடு துறந்தவராயினும், தம்மை நாடி வந்த கிருகஸ்தர்களை வீட்டை விட்டு வரச் சொன்னவரல்லர். ஆசிரமச் சமையற்கட்டில் விடியுமுன் காய்கறி நறுக்கியவர்.

யந்திரத்துக்குப் பள்ளம் செதுக்கிக் கொடுப்பவன் வேறொருவன், மனிதனோ தானே செதுக்கிக்கொள்ள வேண்டியவன் என்ற பேதம் உண்மையே. எனினும் அவ்விடைவெளியில் வடிகட்டிய, ஈரமற்ற வாயுவே புகவேண்டும். தூசி புகுந்தால் முகங்கள் கீறிச் சீல் கெடும். கர்மயோகமும் பலனாசை என்னும் தூசியால் கெடுவதே. ஆதலின் ஒருவன் எத்தனை காரியங்களை விட்டான் என்று எண்ணுவது வீண். செய்யும் காரியத்துக்கும் தனக்கும் நடுவே எதைப் புகவிட்டிருக்கிறான் என்பதே அவனுடைய துறவை அளக்கும் கேள்வி.