வட்டியில்லாக் கடனின் வட்டி

ஒருவரை ஏமாற்றப் பொய் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஓர் உண்மையைப் பெரிதாக எழுதி, மற்றோர் உண்மையைச் சிறிதாக எழுதினாலே போதும். "வட்டியில்லாத் தவணை" என்று கடன் அட்டைக்காகக் கடைகளில் தொங்கும் அறிவிப்பு இவ்வகையைச் சேர்ந்தது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் தொழிலை நம்பி வாழும் நமது பகுதியில் இவ்வறிவிப்புக்குத் தனி ஈர்ப்பு உண்டு. வட்டியைத் தம் மார்க்கம் தடுத்ததாகக் கொள்ளும் இஸ்லாமியச் சகோதரர்கள் இங்குப் பெருமளவில் வாழ்கின்றனர். கந்துவட்டியின் கொடுமையை அறிந்த தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. வட்டிக்கு அஞ்சுகிறவர்களின் காதில் "வட்டி இல்லை" என்ற சொல் தேனாக விழுகிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு குளிர்சாதனப் பெட்டியின் விலை 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையையும் உடனே கொடுப்பவருக்கு 2,000 ரூபாய் தள்ளுபடி. தவணைக்காரருக்குத் தள்ளுபடி இல்லை. மாதம் 2,000 வீதம் 12 மாதம் கட்டவேண்டும். தொடக்கத்தில் 500 ரூபாய் சேவைக் கட்டணமும், அதன்மீது 18 விழுக்காடு வரியாக 90 ரூபாயும் உண்டு. ஆக, 22,000 ரூபாய்ப் பொருளுக்கு அவர் கொடுப்பது 24,590. கடன் மாதந்தோறும் குறைந்துவருவதையும் கணக்கில் கொண்டால், ஊர்ப் பேச்சில் இது ஏறக்குறைய இரண்டு வட்டி! பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை, அது பெரும்பாலும் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை இந்திய ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது.

கடன் அட்டையின் "வட்டியில்லாக் காலமும்" இத்தகையதே. குறித்த நாளில் முழுப் பாக்கியையும் கட்டுபவருக்கே அச்சலுகை. ஏற்றுமதி குறைந்து, வேலைநாள்களும் குறைந்த மாதத்தில் "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டும் தொழிலாளிக்கு, பல அட்டைகளில் மாதம் மூன்று விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஏறுகிறது. இருப்பவன் இலவசமாகப் பெறுகிறான். இல்லாதவன் அவனுக்கும் சேர்த்துக் கட்டுகிறான். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது. சட்டம் ஒதுங்கிக்கொண்ட இடத்தில் மனச்சான்று பேசியாகவேண்டும்.

திருச்சபைக்கு இக்கேள்வி புதிதன்று. ஏழைகளுக்குச் சிறுகடன் தந்த அறநிதியங்கள், நிர்வாகச் செலவுக்காக மட்டும் சிறுதொகை வாங்கலாம் என்று 1515-இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் ஏற்றது. ஆனால், பொருளைக் கடனுக்கு அதிக விலையில் விற்று, உடனே குறைந்த விலைக்கு ரொக்கம் தந்து திரும்ப வாங்கி, வட்டியை வியாபாரத்துக்குள் மறைத்த தந்திரத்தை நியாயப்படுத்திய கருத்தை 1679-இல் திருத்தந்தை பதினோராம் இன்னசென்ட் கண்டித்தார். செலவுக்கு ஏற்ற வெளிப்படையான கட்டணம் வேறு. மறைத்து வைத்த ஆதாயம் வேறு.

"வாங்கியவர் கையெழுத்திட்டாரே, யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அறியாமல் தரும் சம்மதம் முழுமையான சம்மதம் ஆகாது என்பது அறநெறியின் பால பாடம். ஒருவருடைய பணத்தை எடுப்பதற்கு முன், அவருடைய அறிவை மதிக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம். விலையைச் சொல்வது அந்த மதிப்பின் அடையாளம். விலையை மறைப்பவர், பணத்தோடு சேர்த்து, தீர்மானிக்கும் உரிமையையும் பறித்துக்கொள்கிறார்.

எனவே கடையில் நிற்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "இன்றே முழுப் பணமும் கொடுத்தால் என்ன விலை?" இரண்டு விலைகளுக்கும் இடையே உள்ள தொகைக்கு என்ன பெயர் இட்டாலும், அது வட்டியே. அதைத் தெரிந்து வாங்குகிறவர் கடனாளி மட்டுமே. தெரியாமல் வாங்குகிறவர் ஏமாற்றப்பட்டவரும் ஆகிறார். கடையில் அமர்ந்து விற்கும் நம்மவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: கேட்காதவருக்கும் அந்த விலையைச் சொல்வது.