அரைப் பாகை

சிறு தவறு உண்மையிலேயே சிறியதுதானா? பலர் சேர்ந்து செய்யும் ஒரு காரியத்தில் ஒவ்வொருவரும் இம்மியளவே பிசகி, முடிவில் காரியம் முழுவதும் கெட்டுப்போனால், பழி யாரைச் சாரும்? கொலையும் களவும் நம் போன்ற நடுத்தரக் குடும்பத்தாரின் வாசலுக்கு எளிதில் வருவதில்லை. நாள்தோறும் நம் வாசலில் வந்து நிற்பது, "இந்த அளவு போதாதா?" என்னும் கேள்விதான். அறத்தைப் பற்றிய பேச்சு பெருங்குற்றங்களோடு நின்றுவிடுமானால், நமது வாழ்நாளின் பெரும்பகுதி அறத்தின் கணக்கிலேயே வராமற் போகும்.

இவ்வினாவை எண்ணிப் பார்க்க ஒரு மரவேலை எனக்குத் துணையாயிற்று. குடியரசு நாள் அணிவகுப்பிலும், ஜனவரி 29ஆம் நாள் விஜய் சௌக்கில் நடைபெறும் பாசறை திரும்பும் விழாவிலும், நம் பிள்ளைகளின் பள்ளி பாண்டு வாத்தியத்திலும் படபடவென்று உருண்டு வரும் முரசொலியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அது ஸ்னேர் டிரம் என்னும் மேலைநாட்டு முரசு. அதன் மேல்முகத்தில் கோல் விழும்; கீழ்முகத்தின் மீது சுருள் கம்பிகளாலான ஒரு சரம் படிந்து கிடந்து அந்த அடிக்கு விடையாகச் சலசலக்கும். முற்காலத்தில் கன்றின் தோலும் விலங்கின் நரம்பும் பயன்பட்டன. 1950களுக்குப் பின் பாலியெஸ்டர் படலம் தோலின் இடத்தைப் பிடித்தது. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் தங்கை மகன், கீர்த்தி நகர் மரக்கடையில் சீஷம் பலகை வாங்கிவந்து, வீட்டின் பின்கட்டில் ஒரு ரம்பம், இழைப்புளி, சில உளிகள், உப்புத்தாள் ஆகியவற்றைக் கொண்டு இம்முரசின் மர உடலைத் தன் கையாலேயே செய்தான்.

நம் மிருதங்கத்தின் உடல் ஒரே பலாமரத் துண்டைக் குடைந்து செய்யப்படுவது; அதில் மூட்டு என்பதே இல்லை. இவன் செய்ததோ இருபது மரச் சட்டங்களை வட்டமாக நிறுத்திப் பசையால் ஒட்டிப் பின்னர் உருட்டாக இழைக்கும் முறை. இதன் கணக்கு எளியது. வட்டத்திற்கு 360 பாகை. மூட்டுகள் இருபது, ஆகவே மூட்டு ஒன்றுக்குப் பதினெட்டுப் பாகை. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு சட்டங்களின் ஓரங்கள் சந்திப்பதால், ஓரம் ஒன்றுக்கு ஒன்பது பாகைச் சாய்வு. அந்தச் சாய்வில் அரைப் பாகை குறைந்தால் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. இரண்டு சட்டங்களைச் சேர்த்துப் பிடித்தாலும் தெரியாது. ஆனால் ஓரங்கள் நாற்பது. நாற்பது அரைப் பாகைகள் சேர்ந்தால் இருபது பாகை. வட்டம் மூடாது, ஒரு சட்டத்தையே நுழைத்துவிடலாம் போன்ற பிளவு வாய் திறந்து நிற்கும்.

அந்தப் பிளவின் அருகே நிற்கும் இரு சட்டங்களையா நாம் குற்றம் சொல்வது? அவையும் மற்றவற்றைப் போல அரைப் பாகைதான் பிசகின. இருபது சட்டங்களும் "என்னால் வந்ததன்று" என்று சொல்லலாம். ஒவ்வொன்றின் சொல்லும் பொய்போலத் தோன்றாது. எனினும் பிளவு மெய்யாகவே இருக்கிறது.

இதில் கருதத்தக்க செய்தி இன்னும் ஒன்று உண்டு. முதலில் அறுத்த சட்டத்தை அச்சாக வைத்து அடுத்ததை அறுத்தால் வேலை விரைவாக முடியும். ஆனால் முதலாவதன் பிசகு இருபதிலும் ஏறிவிடும். ஆகவே அவன் ஒவ்வொரு சட்டத்தையும் முந்திய சட்டத்தோடு ஒப்பிடாமல், கோணமட்டத்தோடு ஒப்பிட்டே சரிபார்த்தான். பசையையும் மரத்தூளையும் குழைத்துப் பிளவை அடைத்து, மேலே மெருகு பூசி மறைப்பதும் இயலும். ஆனால் தில்லியின் கோடையில் மரம் வறண்டு சுருங்கும். மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பருக்கும். அடைத்த வாய்தான் முதலில் விரியும்.

எழுத்தர் பணியில் இருக்கும் எனக்கு இந்தக் கணக்கு புதிதன்று. நம் தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் அறிந்த துன்பம் ஒன்றையே சான்றாகச் சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. வடபுல அலுவலகத்துப் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கும். ஓரிடத்தில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிவிடும். ஓரிடத்தில் சுப்பிரமணியன் சுப்பிரமணியம் ஆவார். பள்ளிச் சான்றில் ஒருவகை, பணிப்பதிவேட்டில் ஒருவகை, வங்கிக் கணக்கில் வேறொருவகை. எழுதிய ஒவ்வொருவரும் ஓர் எழுத்துத்தான் பிசகினார். பலர் முன்னே இருந்த தாளைப் பார்த்து அப்படியே படியெடுத்தார். முப்பது ஆண்டு கழித்து அவர் மறைந்தபின், குடும்ப ஓய்வூதியம் கோரி அவருடைய மனைவி வந்து நிற்கும்போதுதான் வட்டம் மூடவில்லை என்பது தெரியவருகிறது. கோப்பு இன்று கணினித் திரையில் நகர்கிறது. ஆயினும் பிளவு பழைய பிளவே. அரைப் பாகைகளைச் செய்தவர் பலர். இருபது பாகையையும் சுமப்பவர் அந்த ஓர் அம்மையார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "அணுவளவும் வழுவாமை வேண்டும் என்பவர் இரக்கமற்றவராகிவிட மாட்டாரா? ஓர் எழுத்து மாறியதற்காக அம்மையாரைத் திருப்பி அனுப்புவதும் துல்லியத்தின் பெயரால்தானே நடக்கிறது?" நியாயமான கேள்வி. இதற்கும் அம்முரசிலேயே விடை இருக்கிறது.

உடல் உருண்டு முடிந்தபின் அதன் விளிம்பைச் சமன் செய்யவேண்டும். தட்டையான கல்லின் மேல் அதைக் கவிழ்த்து, உள்ளே விளக்கை வைத்து, அறையை இருட்டாக்கிப் பார்ப்பர். ஒளி கசியும் இடம் பள்ளம். ஒளி எங்கும் கசியாதவரை தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இவ்வளவு பாடுபட்டுச் சமன் செய்த கீழ் விளிம்பில், நேர் எதிரான இரண்டு இடங்களை மட்டும் அவன் அரத்தால் மெல்லத் தாழ்த்தினான். கம்பிச் சரம் வந்து படியும் இடங்கள் அவை. அத்தாழ்வு இல்லையேல் சரம் தோலோடு ஒட்டாது. அந்த முரசுக்குரிய ஒலி பிறக்காது.

இதற்கு ஒப்பானது நம் மிருதங்கத்திலும் உண்டு. சீராக இழுத்துக் கட்டிய வெறுந்தோல் எழுப்பும் ஒலிகள் ஒன்றோடொன்று இசையா. வலந்தலையின் நடுவே கரிய பூச்சைத் திட்டமிட்டு ஏற்றும்போதுதான் அவ்வொலிகள் சுருதியோடு இசைகின்றன. 1907 முதல் 1917 வரை அரசின் நிதித்துறையில் அலுவலராக இருந்து, கல்கத்தாவில் அலுவல் நேரம் போக மிஞ்சிய பொழுதில் ஆய்வு நடத்திய சி. வி. இராமன், பின்னர் 1920இல் ‘நேச்சர்’ இதழில் இதனை விளக்கினார். தோலின் சமனை மாற்றிய அப்பூச்சே அதற்கு நாதம் தந்தது.

ஆகவே, நேர்மையிலிருந்து விலகுவதெல்லாம் பிழையன்று. கவனமின்மையால் நேர்ந்த அரைப் பாகை வேறு; கருதிச் செய்த தாழ்வு வேறு. முன்னது எங்கே நேர்ந்தது என்று செய்தவருக்கே தெரியாது. பின்னதை இந்த இடம், இந்த அளவு, இன்ன காரணம் என்று செய்தவர் விரல்வைத்துக் காட்டுவார். முன்னது மெருகுக்கு அடியில் ஒளியும். பின்னது வெளிச்சத்தில் நிற்கும். அம்மையாரின் உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்று, பெயர் இரண்டாயினும் ஆள் ஒருவரே என்று காரணத்தைக் கோப்பில் எழுதிக் கையொப்பமிடும் அலுவலர் விதியைக் கெடுப்பவரல்லர். சரம் படிய இடம் செய்பவர். மூட்டுகளைச் செம்மையாகச் சேர்த்தவனுக்கே விளிம்பைத் தாழ்த்தும் உரிமையும் உண்டு. வட்டமே மூடாத உடலில் எந்தத் தாழ்வு எதற்குப் பயன்படும்?

பொறுப்பு என்பது நாற்பதில் ஒரு பங்கு என்று வகுத்துக் கொள்ளத்தக்க பொருளன்று. ஒவ்வோர் ஓரமும் தன் ஒன்பது பாகைக்கு முழுப் பொறுப்பு. ஊர்விட்டு வந்து, பலமொழி மக்களிடையே பெயரும் பிழைப்பும் தேடிக்கொண்ட நமக்கு இது வெறும் தத்துவமன்று. நம் கையெழுத்தைச் சுமந்து செல்லும் ஒரு தாள், நாம் பார்த்திராத ஒருவரின் வாசலில் என்றேனும் போய் நிற்கும். அன்று அவருடைய வட்டம் மூடவேண்டும்.